வண்டி தெரிகிற நாற்காலி

மனிதர்களை வாய் நீளமானவர்கள், கை நீளமானவர்கள் என்று பிரித்துப் பேசியே பழகிவிட்டோம். கழுத்து திரும்பியவர்கள் என்று இன்னொரு வகை இருக்கிறது. அவர்களைப் பற்றி இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. இத்தனைக்கும் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு நாலடி நடப்பார்கள், கழுத்து திரும்பும். இன்னும் நாலடி, மறுபடியும் திரும்பும். தெருமுனை வந்தால் உடம்பே திரும்பிவிடும். திரும்பி வந்து, பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்து, பூட்டித்தான் இருக்கிறது என்று கைக்குத் தெரிந்த பிறகும் மனதுக்குத் தெரியாமல், குனிந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் யாராவது கவனித்தார்களா என்று சுற்றும் முற்றும் பார்ப்பார்கள். அப்படிக் கவனித்தவர் ஒருவர் இருந்துவிட்டால் போச்சு. அவர்தான் திருடர்.

இவர்களைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை நாற்காலிகள்தான். வண்டி தெரிகிற நாற்காலி, வண்டி தெரியாத நாற்காலி. ஓட்டலில் மின்விசிறிக்குக் கீழே காலி மேசை இருக்கும்; அதை விட்டுவிட்டுக் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில், ஈரத்தரையில், வருகிறவர் போகிறவர் முழங்கை இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஏனென்று கேட்கிறீர்களா? அங்கிருந்துதான் பின் சக்கரம் தெரிகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் 'உடம்பு எப்படி இருக்கு' என்று ஜன்னலிடம் விசாரிப்பார்கள். கட்டிலில் படுத்திருப்பவர் பதில் சொல்வார். சினிமாவுக்குப் போவதில்லை. இருட்டில் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? உள்ளே இல்லை, வெளியே.

பேச்சிலும் இவர்களுக்கென்று ஒரு பாணி உண்டு. ரொம்ப நாள் கழித்துப் பார்த்த நண்பரிடம் 'வாங்க' என்பதற்கு முன்னால் 'வண்டி எங்க நிக்குது' என்பார்கள். அடுத்து, நேற்று ஒரு வண்டி காணாமல் போன கதை வரும். நேற்று ஒரு வண்டி காணாமல் போகாத நாளே இவர்கள் காலண்டரில் கிடையாது.

“யாரு வண்டிங்க போச்சு?”

“எனக்குத் தெரிஞ்சவரோட மச்சானுக்குத் தெரிஞ்சவரு.”

“என்ன வண்டி?”

“அது தெரியல. ஆனா பூட்டிட்டுத்தான் போயிருக்காரு. அதச் சொல்லுங்க.”

வண்டியைப் பூட்டுவது தப்பா என்று நீங்கள் கோபப்படலாம். தப்பே இல்லை. பூட்டாமல் விட்டுப் போகிறவரைப் பற்றி எழுதினால் அது கேலியாக இருக்காது. அனுதாபச் செய்தியாகத்தான் இருக்கும். இங்கே பேச்சு பூட்டைப் பற்றியது அல்ல, கழுத்தைப் பற்றியது.

இந்த இனத்தில் கரை கண்ட ஒருவர் இருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தெருவில் அவருக்குச் சங்கிலியார் என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது; பொருத்தமாக வைத்திருந்தார்கள். அவருடைய பழைய ஸ்கூட்டரை நிறுத்துவது ஒரு சடங்கு. முதலில் சைடு லாக். பிறகு முன் சக்கரத்துக்கு ஒரு பூட்டு. பின் சக்கரத்தில் சங்கிலியை நுழைத்து, பக்கத்தில் அசையாமல் நிற்கிற எதுவோ ஒன்றோடு, கம்பமோ கிராதியோ, சேர்த்து ஒரு பூட்டு. கடைசியில் வண்டி கிளம்பவே முடியாதபடி எஞ்சின் பிளக்கிலிருந்து வயர் மூடியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொள்வார். இவ்வளவும் முடிந்த பிறகு அந்த வண்டியைப் பார்க்கிற திருடனுக்கு ஆசை வராது, பரிதாபம்தான் வரும்.

கடைக்குள்ளே போனால் இன்னும் வேடிக்கை. எல்லாக் கண்ணாடிக் கடைகளிலும் பெரிய எழுத்தில் தொடங்கிப் பொடி எழுத்தில் முடிகிற பலகை ஒன்று சுவரில் தொங்கும், இல்லையா? அது இவர் கடையில் அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. பலகையைப் பார்த்து உட்கார்ந்தால் தெருவுக்கு முதுகு காட்ட வேண்டியிருக்கிறதே. ஆகவே வாடிக்கையாளரைத் தெருவைப் பார்க்க உட்காரவைத்து, மூக்கில் கனமான சோதனைப் பிரேமை மாட்டிவிட்டு, தானும் அதே பக்கம் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

“எதிர்ல ஒரு ஸ்கூட்டர் நிக்குது பாருங்க. அந்த நம்பரைப் படிங்க.”

வாடிக்கையாளர் திக்கித் திணறிப் படிப்பார். இவர் லென்ஸை மாற்றுவார்.

“இப்ப?”

“இப்பத் தெளிவா இருக்குங்க.”

“பக்கத்துல யாராவது நிக்கிறாங்களா?”

“ஒருத்தர் நிக்கிறாரு.”

“என்ன பண்றாரு?”

“உங்க வண்டிக் கண்ணாடியப் பாத்துத் தலை சீவுறாரு.”

அவ்வளவுதான். மூக்கில் இரும்புப் பிரேமும், ஒரு கண்ணில் லென்ஸும், மறு கண்ணில் வெறும் ஓட்டையுமாக வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்க, சங்கிலியார் தெருவில் இருப்பார். நல்ல கடைதான், லென்ஸ் சுத்தமாக இருக்கும், பிரேம் காது வலிக்காமல் உட்காரும். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அந்த ஸ்கூட்டரின் பின்பக்கத்தைப் படித்துத்தான் பார்வை பெற்றார்கள்.

வீட்டிலும் வண்டிக்குத்தான் முதல் மரியாதை. கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில் ஒரே ஒரு வண்டிக்கு இடம். அங்கே அது ஜன்னல் கம்பியோடு கட்டப்பட்டு நிற்கும். அதைத் தாண்டி வீட்டுக்குள் போக வேண்டும் என்றால் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை உள்ளிழுத்து, மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவருடைய மனைவி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் நேராக நடந்து வந்ததில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு சோதனை வந்தது. மகள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். கூட வேலை செய்கிற பையனைப் பிடித்துப் போயிற்று. பையனுக்கும் அப்படியே. கட்டினால் இவரைத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். சங்கிலியாருக்கும் அவர் மனைவிக்கும் ஆட்சேபணை இல்லை. பையனின் அப்பா அச்சகம் வைத்திருந்தார், அவருக்கும் இல்லை. பையனின் அம்மா மட்டும் 'நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்றேன்' என்றிருந்தார். அந்த அம்மா சரி என்றால் சரி, இல்லையென்றால் இல்லை. அந்த வீட்டில் சட்டம் அப்படி. அம்மாவை எதிர்த்துக்கொண்டு பையன் எதையும் செய்ய மாட்டான் என்பதும் மகளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் அப்பாவைக் கூடத்தில் மடக்கினாள்.

“அப்பா, அவங்க இருக்கற வரைக்கும் வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

“நான் எதுக்கும்மா அதப் பத்திப் பேசப் போறேன்?”

“எந்திரிச்சுப் போய்ப் பாக்கவும் கூடாது.”

அவர் பார்வை ஜன்னல் பக்கம் போயிற்று.

“ஜன்னலு தொறந்திருக்கலாமில்ல?”

அம்மாவும் மகளுமாகச் சேர்ந்து நாற்காலிகளை இடம் மாற்றிப் போட்டார்கள். சங்கிலியாருக்கு ஒதுக்கிய நாற்காலி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் அதில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார். பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்தவர் மாதிரி இருந்தது முகம். இருந்தாலும் மகளுக்காகச் சரி என்றார். நிஜமாகவே சரி என்றுதான் நினைத்தார்.

பையன் பஸ்ஸில் முன்னாலேயே வந்து சேர்ந்தான். அப்பாவுடைய வண்டியைத் தொடுகிற உரிமை அவனுக்கு இன்னும் வரவில்லை. பிறகு அச்சகக்காரரும் அவர் மனைவியும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். அந்த அம்மா வண்டியைத் தாண்டி, மூச்சைப் பிடித்து, பக்கவாட்டில் நுழைந்து உள்ளே வந்துவிட்டார். அச்சகக்காரர் வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடி தெருவின் இந்த முனையைப் பார்த்தார். அந்த முனையைப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார்.

“இந்தத் தெருவுல வண்டிய நிறுத்தலாங்களா?”

கேட்ட தோரணையிலேயே சங்கிலியாருக்குப் புரிந்துவிட்டது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் அச்சகக்காரர் பையிலிருந்து ஒரு சங்கிலியை வேறு எடுத்தார். என்ன பருமன். சங்கிலியார் தன் வாழ்நாளில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பொறாமையாக இருந்தது. மரியாதையாகவும் இருந்தது. வாசலில் நிற்கிற மகளின் முகத்தை ஒரு பார்வை பார்த்தவர், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார்.

“உங்க வண்டிய உள்ள விடுங்க சார். என்னுத நான் வெளிய எடுத்துடறேன்.”

அவர் மனைவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். இப்படி ஒரு வாக்கியம் அந்த வாயிலிருந்து வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. ஆனால் அச்சகக்காரர் பதறிப்போனார்.

“வேணாம் சார். உங்க வண்டி தெருவுல நிக்கறதா? எனக்கு மனசு கேக்காது.”

“விருந்தாளி வண்டி வெளிய நின்னா நல்லாவா இருக்கு?”

“வீட்டுக்காரர் வண்டிய வெளிய தள்ளிட்டு என்னுத விட்டா மட்டும் நல்லாவா இருக்கு?”

சங்கிலியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவரைப் புரிந்துகொண்ட முதல் மனிதர். உள்ளே பெண்கள் காத்திருக்க, போட்ட டீ ஆற, இரண்டு பேரும் வாசலில் கூடி ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். சங்கிலியார் வண்டி உள்ளேயே இருக்கும். அச்சகக்காரர் வண்டி கேட்டை ஒட்டி வெளியே நிற்கும். கேட்டுக்கு உள்ளே நின்றபடி கம்பிகளுக்கு நடுவில் கையை விட்டு, வெளி வண்டியின் சக்கரத்தையும் கேட்டையும் உள் வண்டியின் சக்கரத்தையும் சேர்த்து அச்சகக்காரரின் சங்கிலியால் ஒரு கட்டு. அதன்மேல் சங்கிலியாரின் சங்கிலியால் இன்னொரு கட்டு. சாவி ஆளுக்கு ஒன்று. இனி ஒரு வண்டி நகர வேண்டுமானால் இரண்டு வண்டியும் நகர வேண்டும். இரண்டு வண்டியும் நகர வேண்டுமானால் கேட்டும் கூடவே வர வேண்டும். வீட்டில் நெருப்புப் பிடித்தால் மனிதர்கள் எந்த வழியாக வெளியே போவது? அதை யாரும் கேட்கவில்லை.

“பிரமாதம் சம்பந்தி,” என்றார் அச்சகக்காரர். பெண்ணை அவர் இன்னும் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மகளும் அம்மாவும் யோசித்துப் போட்ட நாற்காலி ஏற்பாடு அச்சகக்காரரும் அதே இனமாக இருந்ததில் வீணாயிற்று. இரண்டு பேரும் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாது என்கிற நினைப்பில், ஜன்னல் பக்கமாக நகர்த்தினார்கள்.

“பொண்ணு எந்த காலேஜுல படிச்சா?” என்று பையனின் அம்மா சங்கிலியாரைக் கேட்டார்.

“ஒரு நாய் மோந்து பாக்குது,” என்றார் சங்கிலியார்.

“எந்த வீலு?” என்றார் அச்சகக்காரர்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்து, வாசற்படியில் இடித்துக்கொண்டு வெளியே போனார்கள். நாயை விரட்டினார்கள். போன கையோடு இரண்டு சங்கிலியையும் இழுத்துப் பார்த்தார்கள். பிளக் வயர் விஷயத்தைச் சங்கிலியார் சொல்லிக்கொடுக்க, அச்சகக்காரர் கேட்டுக் கம்பி வழியே கையை விட்டுத் தன் வண்டி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிற மறைவு சுவிட்சைக் காட்ட, நேரம் போனதே தெரியவில்லை. பள்ளிக்கூடத்து நண்பர்கள் மாதிரி தோளில் கை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

உள்ளே பையனின் அம்மா டீக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, கைப்பையை எடுத்து மடியில் வைத்திருந்தார்.

“நாங்க யோசிச்சுச் சொல்றோம்.”

இந்த மூன்று வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மகளின் முகம் செத்துப்போயிற்று. சங்கிலியாருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வெளியே எவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

“எங்ககிட்ட என்னங்க கொற?” என்றார்.

“கொறன்னு ஒண்ணும் இல்லீங்க. பொண்ணு தங்கமா இருக்கா. ஆனா இவரக் கட்டிக்கிட்டு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். எந்தக் கல்யாணத்துலயும் பொண்ணு மாப்பிள்ளைய நான் முழுசாப் பாத்ததில்ல. பாதியிலயே, எந்திரி, வண்டி தனியா நிக்குதும்பாரு. எம் பையன் அப்படி இல்லன்னு நெனச்சு நெனச்சு மனசத் தேத்திக்கிட்டவ நான். இங்க வந்து பாத்தா நீங்க இவருக்கு அண்ணனா இருக்கீங்க. உங்க பொண்ணும் உங்கள மாதிரியே இருந்துட்டா? எம் பையன் காலம் பூரா ஜன்னலோரமாவே சோறு திங்கணுமா?”

அச்சகக்காரர் கூரையைப் பார்த்தார். சங்கிலியாரின் மனைவி மறுத்து ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு வார்த்தையும் நிஜம் என்கிற மாதிரி.

மகள்தான் பேசினாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“அத்தை, இந்தக் கண்ணாடிய நான் எங்க வாங்கினேன்னு கேளுங்க.”

“உங்கப்பா கடையிலதான் வாங்கியிருப்ப.”

“இல்ல அத்தை. வேற கடையில.”

சங்கிலியாரின் கழுத்து திரும்பியது. இந்த முறை உள்பக்கமாக. பழுப்பு நிறத்தில் அகலமான பிரேம். தன் கடையில் அந்த ரகமே இல்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. மகள் அதை எப்போதிலிருந்து போட்டிருக்கிறாள் என்பதுதான் தெரியவில்லை.

“நம்ம கடை இருக்கும்போது வேற கடைக்கு ஏம்மா போன?”

“நம்ம கடைக்குத்தான் மொதல்ல வந்தேன். ரெண்டு தடவை வந்தேன். மைக்ராஸ்கோப்புலேர்ந்து நிமிந்தா தூரத்துல இருக்கறவங்க முகம் மங்கலாத் தெரியுதுப்பான்னு சொன்னேன். உக்காரவச்சு வண்டி நம்பரப் படின்னீங்க. படிச்சேன். கண்ணுல ஒரு கோளாறும் இல்ல, நல்லாத் தூங்கினாச் சரியாப் போயிடும்னு அனுப்பிட்டீங்க.”

“ஆமா. நீ தடுமாறாமப் படிச்சியேம்மா.”

“அது எனக்கு நாலு வயசுலயே மனப்பாடம்பா.”

“எனக்குந்தான்,” என்றார் அவர் மனைவி, யாரையும் பார்க்காமல்.

மகள் பையனைக் காட்டினாள்.

“தள்ளி இருக்கற ஸ்கிரீன்ல வர்ற நம்பர ரெண்டு ரெண்டு தடவ கிட்டப் போய்ப் பாக்கறேன்னு இவர்தான் கவனிச்சாரு. ஒரு நாள் ரிசல்ட்ட மாத்திக் குடுத்திருப்பேன் அத்தை, யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கும். இவர்தான் கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு.”

“நெசமாவாடா?” என்று கேட்டார் அவன் அம்மா. அவன் தலையை ஆட்டினான். அவர் மகனைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மறுபடி மகனைப் பார்த்தார். பிறகு கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியைத் தட்டினார்.

“இங்க வந்து உக்காரும்மா. நீ நம்ம கட்சி.”

சம்பந்தம் அப்படி முடிவாயிற்று. மாமியாரும் மருமகளும் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். பையனுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. சங்கிலியாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவமானமாக இருந்தது. ஊரார் கண்ணைப் பார்த்துச் சம்பாதித்த சோற்றைத் தின்றுகொண்டு, பெற்ற மகளின் கண்ணைப் பார்க்கவில்லை என்பது நெஞ்சில் தைத்தது. வெளியே அந்த நாய் திரும்பி வந்து குரைத்தது. அச்சகக்காரரின் கழுத்து பாதி திரும்பி, மனைவியின் முறைப்பில் அங்கேயே நின்றது. சங்கிலியாரின் காதில் நாய் விழவே இல்லை.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் அலமாரிக்குப் பின்னாலிருந்து எழுத்துப் பலகையை இழுத்து, ஒட்டடை தட்டித் துடைத்து, உள் சுவரில் மாட்டினார். மகளை உட்காரவைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

“நல்லாத்தான் பாத்திருக்கான்,” என்று ஒப்புக்கொண்டார். இன்னொரு கடைக்காரரை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது வாய் கசந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கச் சொன்னார். மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டாள். அவர் குனிந்து, அவளுடைய கண்ணை வெகுநேரம் பார்த்தார். தானே உட்கார்ந்து இன்னொரு கண்ணாடி செய்து கொடுத்தார். அதை வேலைக்கும் பழுப்புப் பிரேமை வீட்டுக்கும் வைத்துக்கொள்ளட்டும் என்றார். மகள் அதைத் தலைகீழாக்கி, பழுப்புப் பிரேமைத்தான் வேலைக்குப் போட்டுக்கொண்டு போனாள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அவர் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் வண்டி திருடு போயிருந்தால் கதைக்கு எடுப்பாக இருந்திருக்கும். போகவில்லை. அவரும் திருந்திவிட்டதாக எண்ண வேண்டாம். நடுவில் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மகள் அதைப் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி இருந்துவிட்டாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வண்டியில் கீறல் எந்தப் பக்கம் இருக்கிறது? அட, யோசிக்காமலே சொல்லிவிட்டீர்கள். எந்த மாதம், யார் இடித்தது என்பது வரை. சரி, இன்னொரு கேள்வி. உங்கள் வீட்டில் இப்போது பக்கத்தில் ஒருவர் இருக்கிறாரே, சற்று முன்னால் உங்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாரே, அவர் இன்றைக்கு என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறார்? தலையைத் தூக்காமல் சொல்ல வேண்டும்.

தூக்கிவிட்டீர்கள். அது போகட்டும். முதலில் எந்தப் பக்கம் பார்த்தீர்கள்?